1937ல் டைப் அடித்த ஆய்வேடு இன்றும் திறக்கிறது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, "எந்த ஆண்ட்டி வைரஸ் போடலாம்?" என்பதுதான். "நான் இதில் சேமித்து வைப்பது பத்து வருடம் கழித்தும் இருக்குமா?" என்று இதுவரை ஒருவர் கூடக் கேட்டதில்லை. நானும் படிக்கும் காலத்தில் அப்படிக் கேட்டதில்லை. அதற்கு நான் கொடுத்த விலையை முதலில் சொல்லி விடுகிறேன். பிறகு, இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாகப் பதில் தேடி வரும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியத்திற்குள் உங்களை அழைத்துச் செல்கிறேன். கையில் இன்டர்நெட் இணைப்பும் ஒரு பிரவுசரும் இருந்தால் போதும்.

பொறியியல் கல்லூரியில் இறுதி ஆண்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்தோம். கையால் எழுதிய தமிழ் எழுத்துக்களைக் கம்ப்யூட்டர் அடையாளம் காண வேண்டும். அதற்காக எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு பள்ளிகளுக்குப் போய், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எழுத வைத்து, ஏறக்குறைய நாலாயிரம் எழுத்து மாதிரிகளைச் சேகரித்து ஸ்கேன் செய்தோம். புராஜெக்ட் நன்றாகவே முடிந்தது. தங்க எழுத்தில் அட்டை போட்டு ரிப்போர்ட்டை பைண்ட் செய்து, கடைசி அட்டையின் உள்பக்கத்தில் ஒரு சி.டி.யைச் செருகி, துறையில் கொடுத்து விட்டு வந்து விட்டோம்.

வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, பகுதி நேர ஆராய்ச்சிப் படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வுக்கு வரும்போது பழைய புராஜெக்டையும், முடிந்தால் அந்த மாதிரிகளையும் கொண்டு வரச் சொன்னார்கள். என் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் அதற்கு முன்பே போய் விட்டிருந்தது. மற்ற மூவரையும் கேட்டேன். ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் இருக்கும் என்று நம்பிக் கொண்டிருந்தார்கள். கடைசியில் கல்லூரிக்கே போனேன். லேப் அண்ணன் பீரோவைத் திறந்து, "தம்பி, புக்கு இருக்குப்பா. சி.டி. படிக்குமான்னு நான் சொல்ல முடியாது" என்றார். படிக்கவில்லை. வெளியில் ஒரு கீறல் கூட இல்லை. டிரைவில் போட்டால் சுற்றிச் சுற்றி நின்று விடும். புத்தகம் மட்டும் கொடுத்தபடியே இருந்தது. போன் கேமராவில் 84 பக்கங்களையும் படம் எடுத்துக் கொண்டு திரும்பினேன்.

அந்த ஆண்டு எனக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் இது மட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலாயிரம் எழுத்துக்களை இனித் திரும்ப எழுதி வாங்க முடியாது. எழுதிய பிள்ளைகள் இப்போது கல்லூரியில் இருப்பார்கள்.

ஒரு முதுகலை மாணவரின் ஆய்வேடு

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜி என்னும் எம்.ஐ.டி. 1861ல் சாசனம் பெற்று, 1865ல் வகுப்புகளைத் தொடங்கியது. மாணவர்கள் பட்டத்திற்காகச் சமர்ப்பித்த ஆய்வேடுகளை அதன் நூலகம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து காத்து வருகிறது. அவற்றில் பல்லாயிரக்கணக்கானவை ஸ்கேன் செய்யப்பட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி டிஸ்பேஸ் என்ற இணைய தளத்தில் வைக்கப்பட்டுள்ளன. யூசர் நேம், பாஸ்வேர்ட், பணம் எதுவும் தேவையில்லை.

பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் "டிஸ்பேஸ் டாட் எம்ஐடி டாட் இடியு" என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் பக்கத்தில் உள்ள தேடல் கட்டத்தில், கிளாட் ஷானன் என்ற பெயரையும் ரிலே, ஸ்விட்சிங் என்ற இரு சொற்களையும் ஆங்கிலத்தில் கொடுக்கவும். வரும் பட்டியலில் "ரிலே மற்றும் ஸ்விட்சிங் சர்க்யூட்களின் குறியீட்டுப் பகுப்பாய்வு" என்று பொருள்படும் தலைப்பு இருக்கும். அதில் க்ளிக் செய்தால் ஆய்வேட்டிற்கான தனிப் பக்கம் திறக்கும். அங்குள்ள பி.டி.எப். பைலை டவுண்லோட் செய்து கொள்ளுங்கள். சுமார் 70 பக்கங்கள்தான்.

திறந்தவுடன் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். டைப்ரைட்டரில் அடித்த பக்கங்கள். ஆங்காங்கே கையால் வரைந்த கோடுகள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரின் ப்ராசசர் உள்ளே நடக்கும் வேலைக்கு அடிப்படை இந்தப் பக்கங்களில் இருக்கிறது.

ஷானன் 1936ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங், கணிதம் என இரண்டு பட்டங்களை முடித்து விட்டு எம்.ஐ.டி. வந்தார். அங்கே வன்னிவர் புஷ் என்ற பேராசிரியர் உருவாக்கிய டிபரென்ஷியல் அனலைசர் என்ற ராட்சத இயந்திரத்தைக் கவனித்துக் கொள்வது அவருடைய வேலை. பற்சக்கரங்களும் சுழலும் தண்டுகளுமாக இருந்த அந்த இயந்திரத்தைக் கட்டுப்படுத்த நூற்றுக்கும் மேற்பட்ட ரிலேக்கள் இருந்தன. ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச். கையால் தட்டுவதற்குப் பதில் ஒரு மின்காந்தம் தட்டும். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் முழுக்க ரிலேக்கள்தான்.

ஆனால் ரிலே சர்க்யூட் வரைவது அன்று அனுபவசாலிகளின் கைவேலையாக இருந்தது. சரியாக வரும் வரை வரைந்து பார்ப்பார்கள். இதே வேலைக்கு இதை விடக் குறைந்த ரிலேக்கள் போதுமா என்று கேட்டால், கணக்குப் போட்டுப் பதில் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. ஷானன் மிச்சிகனில் படித்தபோது, ஜார்ஜ் பூல் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய தர்க்கக் கணிதத்தைக் கற்றிருந்தார். அதில் ஒரு கூற்று உண்மை அல்லது பொய். ஸ்விட்சும் மூடியிருக்கும் அல்லது திறந்திருக்கும். இரண்டும் ஒரே கணக்கு என்பதைத்தான் அவர் எழுதி, 1937 ஆகஸ்ட் 10ல் சமர்ப்பித்தார். அப்போது அவருக்கு வயது 21.

ஒன்றை நியாயமாகச் சொல்லி விட வேண்டும். ஜப்பானில் அகிரா நகாஷிமாவும், சோவியத் ரஷ்யாவில் விக்டர் ஷெஸ்டகோவும் கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் தனித்தனியாக இதே வழியில் போய்க் கொண்டிருந்தார்கள். ஆனால் உலகம் முழுக்கப் பொறியாளர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது ஷானனின் எழுத்துதான். 1938ல் இதன் சுருக்கம் அமெரிக்க மின் பொறியாளர் சங்கத்தின் இதழில் வந்தது. இதற்காக ஆல்பிரட் நோபிள் பரிசும் கிடைத்தது. இது ஸ்வீடன் நாட்டு நோபல் பரிசு அல்ல. அமெரிக்கப் பொறியாளர் ஒருவரின் பெயரால் தரப்படும் வேறு பரிசு. பல இடங்களில் இரண்டையும் குழப்பி எழுதியிருப்பார்கள், ஏமாற வேண்டாம்.

மாடிப்படி விளக்கில் ஒரு கூட்டல்

ஆய்வேட்டைத் திறக்கும் முன் இந்தச் சிறு பயிற்சியைச் செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா? எலக்ட்ரீஷியன்கள் டூ-வே ஸ்விட்ச் என்பார்கள். எதைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். கீழ் ஸ்விட்சுக்கு அ என்றும் மேல் ஸ்விட்சுக்கு ஆ என்றும் பெயர் வைப்போம். ஸ்விட்ச் ஒரு பக்கம் இருந்தால் 0, மறுபக்கம் இருந்தால் 1. இரண்டும் 0 என்றால் விளக்கு எரியவில்லை என்று வைத்துக் கொள்வோம். அ மட்டும் 1 என்றால் எரியும். ஆ மட்டும் 1 என்றாலும் எரியும். இரண்டும் 1 ஆனால் அணைந்து விடும்.

இப்போது, 0, 1 என்ற இரண்டு இலக்கங்கள் மட்டுமே உள்ள பைனரி முறையில் கூட்டிப் பாருங்கள். 0ம் 0ம் கூட்டினால் 0. 1ம் 0ம் கூட்டினால் 1. 0ம் 1ம் கூட்டினால் 1. 1ம் 1ம் கூட்டினால் 10. அதாவது இந்த இடத்தில் 0, அடுத்த இடத்திற்கு 1 போக வேண்டும். இந்த இடத்தில் விழும் இலக்கத்தை மட்டும் பாருங்கள்: 0, 1, 1, 0. மாடிப்படி விளக்கும் அதே வரிசையில்தானே எரிந்து அணைந்தது? உங்கள் மாடிப்படி தினமும் கூட்டல் போடுகிறது. அடுத்த இடத்திற்குப் போகும் 1க்கு என்ன செய்வது? இரண்டு சாதாரண ஸ்விட்ச்களை ஒன்றன் பின் ஒன்றாக ஒரே வயரில் இணைத்தால், இரண்டும் 1 ஆக இருக்கும்போது மட்டும் மின்சாரம் போகும். அதுதான் போகும் 1. இந்த இரண்டு சர்க்யூட்களும் சேர்ந்தால் ஓர் இலக்கக் கூட்டல் இயந்திரம் தயார். இப்படிப் பல இலக்கங்களுக்கு நீட்டித்த பைனரி கூட்டல் சர்க்யூட் ஒன்றை ஷானனே ஆய்வேட்டின் பிற்பகுதியில் வரைந்து காட்டுகிறார். ஐந்து பட்டன்கள் கொண்ட எலக்ட்ரிக் பூட்டு ஒன்றும் உதாரணமாக இருக்கிறது. பட்டன்களைச் சரியான வரிசையில் அழுத்தினால்தான் திறக்கும். தவறாக அழுத்தினால் அலாரம் அடிக்கும்.

சர்க்யூட்டைச் சுருக்குவது எப்படி என்பதற்கும் ஒரு சின்ன உதாரணம். "அ போட்டிருந்து ஆவும் போட்டிருந்தால் விளக்கு எரியட்டும், அ போட்டிருந்து ஆ போடாமல் இருந்தாலும் எரியட்டும்" என்று ஒருவர் கேட்கிறார். அப்படியே வயர் செய்தால் நான்கு தொடர்புகள் தேவை. யோசித்துப் பார்த்தால் ஆ இங்கே வேண்டாத விருந்தாளி. அ ஒன்று போதும். இதைப் பார்த்தவுடன் தெரிகிறது. ஐம்பது ரிலேக்கள் உள்ள படத்தில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அல்ஜீப்ராவில் எழுதிச் சுருக்கினால் தெரியும். ஆய்வேட்டின் பெரும்பகுதி இந்தச் சுருக்கும் விதிகள்தான்.

படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. நாம் இன்று மின்சாரம் போனால் 1, போகாவிட்டால் 0 என்கிறோம். ஷானன் தலைகீழாக எழுதினார். அவர் குறித்தது சர்க்யூட்டில் இருக்கும் தடையை. மூடிய சர்க்யூட்டில் தடை இல்லை, எனவே 0. திறந்த சர்க்யூட் 1. அதனால் அவருடைய ஏட்டில் கூட்டல் குறி என்பது தொடர் இணைப்பு. பெருக்கல் என்பது பக்க இணைப்பு. இது தெரியாமல் நான் முதல் நாள் இரவு பத்துப் பக்கங்களைத் தவறாகப் புரிந்து கொண்டு, ஷானனே தப்பு செய்து விட்டார் என்று நண்பனுக்கு மெசேஜ் அனுப்பினேன். அதை அவன் இன்றும் நினைவுபடுத்துவான்.

பதிவேட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்

பைலை டவுண்லோட் செய்ததோடு அந்தப் பக்கத்தை மூடி விடாதீர்கள். தலைப்பின் கீழே ஆசிரியர், வழிகாட்டி, துறை, ஆண்டு என்று விவரங்கள் இருக்கும். முழு விவரப் பதிவைக் காட்டும் லிங்க்கில் க்ளிக் செய்தால் இன்னும் நீண்ட பட்டியல் வரும். பைலைப் பற்றிய இந்தத் தகவல்களை மெட்டா டேட்டா என்கிறார்கள். இவற்றை எழுதும் முறைக்கு டப்ளின் கோர் என்று பெயர். அயர்லாந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டப்ளின் என்றொரு ஊர். 1995ல் அங்கே கூடிப் பேசி உருவாக்கிய முறை இது. அடிப்படை விவரங்கள் மொத்தம் 15.

இங்கே ஒரு புதிர் காத்திருக்கிறது. ஷானனின் ஆய்வேட்டுப் பதிவில் ஆண்டு 1940 என்று இருக்கும். ஏட்டைக் கொடுத்தது 1937ல். பட்டம் வாங்கியது 1940ல். அதே 1940ல் மரபியல் பற்றிய கணித ஆய்வுக்காக டாக்டர் பட்டத்தையும் வாங்கினார். ஆக, 1937 என்று ஆண்டைக் கொடுத்துத் தேடினால் இந்த ஏடு கண்ணில் படாமல் போகும். பழைய ஆவணங்களைத் தேடுகிறவர்கள் ஆண்டை விட்டு விட்டு, பெயரையும் தலைப்பின் ஓரிரு சொற்களையும் கொண்டு தேடுவது நல்லது.

அதே பக்கத்தில், 1721.1 என்று தொடங்கி ஒரு சாய்கோட்டுக்குப் பின் இன்னொரு எண் வரும் முகவரியையும் பார்க்கலாம். ஷானனின் ஏட்டுக்கு அந்த இரண்டாவது எண் 11173. இதற்கு ஹேண்டில் என்று பெயர். சாதாரண இணைய முகவரி வீட்டுக் கதவு எண்ணைப் போன்றது. வீடு மாறினால் பயன்படாது. ஹேண்டில் என்பது ஆளின் பெயரோடு ஒட்டிய எண். சர்வர் மாறினாலும், தளத்தின் அமைப்பு மாறினாலும், அந்த எண்ணைக் கொடுத்தால் ஏடு இப்போது இருக்கும் இடத்திற்கு அழைத்துப் போகும். உங்கள் குழந்தையின் பள்ளி ஒப்படைப்பிலோ உங்கள் கட்டுரையிலோ இந்த ஏட்டைக் குறிப்பிட வேண்டும் என்றால், பிரவுசரின் மேலே தெரியும் நீள முகவரியைக் காப்பி செய்யாமல் இந்த ஹேண்டிலைக் கொடுங்கள்.

மேலும் சில ஏடுகள்

எட்வின் பஸ் ஆல்ட்ரின் பெயரைத் தேடிப் பாருங்கள். 1969ல் நிலவில் இறங்கிய அதே ஆல்ட்ரின்தான். விண்வெளியில் சுற்றும் இரண்டு கலங்களை, அதில் இருப்பவர் கண்ணால் பார்த்தே நெருங்க வைப்பது எப்படி என்று 1963ல் அங்கே டாக்டர் பட்ட ஆய்வேடு எழுதினார். அதை அமெரிக்க விண்வெளி வீரர்களுக்குச் சமர்ப்பித்து, தானும் அவர்களுடன் சேர முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்ற ஆசையையும் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு அக்டோபரில் அவர் விண்வெளி வீரராகத் தேர்வானார். கணக்குப் பகுதி கடினம். அந்தச் சமர்ப்பணப் பக்கத்திற்காகவாவது திறந்து பாருங்கள்.

இன்னொன்று ஐவன் சதர்லண்ட் 1963ல் கொடுத்த ஸ்கெட்ச்பேட். மவுஸ் பரவலாகும் முன்பே, ஒளிப் பேனாவால் திரையில் நேரடியாகக் கோடு வரைந்து, வரைந்ததை இழுத்து, பெரிதாக்கி, "இந்த இரண்டு கோடுகளும் இணையாக இருக்கட்டும்" என்று கட்டளையிட்டால் கம்ப்யூட்டரே சரி செய்யும் புரோகிராம். இன்று கட்டட வரைபடம் போடும் சாப்ட்வேர் தொகுப்புகளுக்கெல்லாம் முன்னோடி. வழிகாட்டி யார் என்று பதிவில் பாருங்கள்: அதே ஷானன். இது இயங்கிய டி.எக்ஸ்-2 கம்ப்யூட்டரின் நினைவகம் 36 பிட் அளவுள்ள 65,536 சொற்கள். நம் கணக்கில் சுமார் 288 கிலோபைட். நீங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்காது.

அந்த கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுப் பல காலம் ஆகி விட்டது. ஆய்வேடு மட்டும் இருக்கிறது. 2003ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் துறை அதைப் புதிய டிஜிட்டல் பதிப்பாக, தன் தொழில்நுட்ப அறிக்கை வரிசையில் 574ஆவது எண்ணாக வெளியிட்டது. ஸ்கேன் பிரதியைப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

ஆய்வேடு அல்லாத கடிதங்கள், குறிப்பேடுகள், பொறியியல் அறிக்கைகள் ஆகியவற்றை எம்.ஐ.டி. நூலகத்தின் ஆவணப் பிரிவு பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறது. 1951ல் இயங்கத் தொடங்கிய வேர்ல்விண்ட் கம்ப்யூட்டரின் ஆவணங்கள் அங்கேதான். இன்னும் ஆச்சரியமானது, 1970களிலும் 80களிலும் அங்கே செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்திலும் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்திலும் பேக்கப் எடுத்து வைத்த காந்த டேப்கள். பல ஆண்டுகள் கழித்து அவற்றைப் படித்து எடுத்தார்கள். புகழ்பெற்ற ஸோர்க் விளையாட்டின் 1977ஆம் ஆண்டுப் புரோகிராம் அதில் கிடைத்தது. காகிதத்தை எடுத்தால் படித்து விடலாம். டேப்பைப் படிக்க, டேப் கெடாமல் இருக்க வேண்டும். அதற்கான டிரைவ் வேண்டும். அதில் எழுதியிருக்கும் முறை தெரிந்த ஆளும் வேண்டும். என் சி.டி.க்கு முதல் நிபந்தனையிலேயே தோல்வி.

நம் வீட்டுக் களஞ்சியம்

டிஸ்பேஸ் என்பது தளத்தின் பெயர் மட்டுமல்ல. அதை இயக்கும் சாப்ட்வேரின் பெயரும் அதுதான். எம்.ஐ.டி. நூலகமும் எச்.பி. ஆய்வுக்கூடமும் சேர்ந்து உருவாக்கி 2002ல் இலவசமாக வெளியிட்டன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைத் திரட்டும் ஷோத்கங்கா தளமும் இதே சாப்ட்வேரில்தான் அமைக்கப்பட்டது. காந்திநகரில் உள்ள இன்ப்ளிப்நெட் மையம் அதை நடத்துகிறது. ஆய்வேட்டின் மின்பிரதியைக் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009ல் விதி கொண்டு வந்தது. தமிழ் இலக்கிய ஆய்வேடுகளும் அதில் நிறைய உண்டு. ஒவ்வொரு இயலும் தனித்தனி பி.டி.எப். பைலாக இருக்கும். இங்கே ஒரு வார்த்தை. இலவசமாகக் கிடைப்பதால் அதை வெட்டி ஒட்டி உங்கள் பெயரில் கொடுத்து விடலாம் என்று அர்த்தமில்லை. புராஜெக்டையே விலைக்கு வாங்கும் ஊரில் இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

அந்த சாப்ட்வேர் செய்யும் காரியங்களில் மூன்றை நாம் வீட்டிலேயே செய்யலாம். பட்டா, சான்றிதழ்கள், பிள்ளைகளின் புராஜெக்ட், தாத்தாவின் பழைய கடிதங்கள் என்று இழந்தால் திரும்பக் கிடைக்காதவற்றை ஒரு போல்டரில் சேருங்கள். அதே போல்டருக்குள் நோட்பேடில் ஒரு சிறு பைல் உருவாக்கி, ஒவ்வொன்றும் என்ன, யார் எழுதியது, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் மெட்டா டேட்டா. "ஸ்கேன் 0047" என்ற பெயரை அடுத்த வருடம் பார்த்தால் உங்களுக்கே தெரியாது.

அடுத்தது பைலின் வகை. வேர்ட் பைலாக மட்டும் விட்டு விடாமல் பி.டி.எப்./ஏ என்ற வகையில் ஒரு பிரதி எடுக்கவும். நீண்ட காலம் பாதுகாப்பதற்கென்றே 2005ல் சர்வதேசத் தரமாக வந்தது இது. இதன் முக்கிய நிபந்தனை, பயன்படுத்திய எழுத்துருக்கள் பைலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது. ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை இருந்தது. அப்போது டைப் செய்த பைல்கள் இன்று அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கொசகொசவென்று ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். அந்தக் கதி நமக்கு வேண்டாம். வேர்டில் சேவ் அஸ் சென்று, பைல் வகையாக பி.டி.எப். தேர்ந்தெடுத்து, ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தினால் கிடைக்கும் விண்டோவில் பி.டி.எப்./ஏ என்ற வரியின் கட்டத்தில் டிக் செய்திடவும். இலவசமான லிப்ரே ஆபீஸில் பி.டி.எப். ஆக எக்ஸ்போர்ட் செய்யும் விண்டோவின் ஜெனரல் டேபில் இது இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பைலை டிஸ்பேஸ் வாங்கி வைக்கும்போதே அதற்கு ஒரு கைரேகை எடுத்து வைத்துக் கொள்கிறது. இதனை செக்சம் என்பார்கள். பைலில் உள்ள எல்லா பிட்களையும் ஒரு கணக்கில் போட்டு வரும் நீண்ட எண். பைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முழுக்க மாறி விடும். பின்னர் அந்த எண்ணை மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால், பைல் கெட்டு விட்டதா என்பது யாரும் திறந்து பார்க்காமலே தெரிந்து விடும். எங்கள் சி.டி. பீரோவில் எந்த நாளில் செத்தது என்று யாருக்கும் தெரியாது. யாரும் பார்க்கவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் இதைச் செய்ய, செவன்-ஸிப் என்ற இலவச புரோகிராமை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்யவும். பிறகு பைல் மீது மவுஸின் வலது பட்டனை க்ளிக் செய்திடவும். விண்டோஸ் 11 என்றால், வரும் மெனுவின் அடியில் கூடுதல் விருப்பங்களைக் காட்டும் வரியையும் க்ளிக் செய்ய வேண்டும். மெனுவில் சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ. என்பதில் கர்சரை வைத்தால் துணை மெனு விரியும். அதில் எஸ்.எச்.ஏ.-256 தேர்ந்தெடுக்கவும். 64 எழுத்துக்கள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கும். அதைக் காப்பி செய்து, நீங்கள் உருவாக்கிய விவர பைலில் அந்தந்தப் பெயருக்கு எதிரில் ஒட்டி வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜை அன்று வைத்துக் கொண்டால் மறக்காது, மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அந்தப் பிரதி கெட்டு விட்டது. வேறு பிரதியிலிருந்து காப்பி செய்யுங்கள்.

வேறு பிரதி இருந்தால்தானே? எனவே மொத்தம் மூன்று பிரதிகள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே என்றால் ஆன்லைன் சேமிப்பாக இருக்கலாம். அக்கா வீட்டு அலமாரியில் ஒரு பென் டிரைவாகவும் இருக்கலாம். ஒரே ஹார்ட் டிஸ்கில் இரண்டு போல்டர்களில் காப்பி செய்து வைத்து விட்டு, "பேக்கப் இருக்கு" என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களை எனக்குத் தெரியும். முடிந்தால் காகிதத்திலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

என் போன் கேமரா படங்களை 84 பக்க பி.டி.எப்./ஏ ஆக மாற்றி, கைரேகையும் எடுத்து, நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறோம். பின்னிணைப்பில் "மாதிரி கோடிங்" என்று 11 பக்கங்கள் அச்சாகியிருந்தன. புராஜெக்ட் ரிப்போர்ட்களில் முழுப் புரோகிராமையும் கொடுக்காமல் இப்படிக் கொஞ்சம் மட்டும் கொடுப்பதுதான் வழக்கம். போன மாதம் விடுமுறையில் அதை அப்படியே டைப் செய்து ஓட்டிப் பார்த்தேன். நாலாவது பக்கத்தில், அச்சில் இல்லாத ஒரு பங்ஷனை அது கூப்பிட்டு நின்று விட்டது. அதை எழுதியது யார் என்று நாங்கள் நான்கு பேரும் இன்னும் வாட்ஸ்அப்பில் விவாதித்துக் கொண்டிருக்கிறோம்.